பழைய என்ஜின் வாங்கப் போறீங்களா? முதல்ல ஆர்.சி.யை எடுங்க!

796 சி.சி. என்று ஒரே பேரு. உள்ளே 3 ரகம்! மாருதி கார் வைத்திருப்போர் உஷார்

பெரியநாயக்கன்பாளையம்,

மேட்டுப்பாளையம் ரோட்டில் காலை நேரத்தில் 10 நிமிடம் நின்று பாருங்கள். பஸ், லாரி, மில்லுக்குப் போகும் வேன் எல்லாவற்றுக்கும் நடுவே புகுந்து புறப்பட்டுப் போகும் பழைய மாருதி 800. காய்கறி மூட்டையோடு ஆம்னி. பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஆல்ட்டோ.

1983 டிசம்பர் 14-ந் தேதி பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800-ன் சாவியைக் கொடுத்தார். 2014-ல் அதன் உற்பத்தி நின்றது. ஆம்னி 2019-ல் நின்றது. கம்பெனி நிறுத்திவிட்டது, ஜனங்கள் நிறுத்தவில்லை! இந்தியாவில் விற்ற மாருதி 800 மட்டும் 25 லட்சத்துக்கு மேல்.

ஆனால் காருக்கும் வயசாகும். வயசானால் என்ஜின் மூச்சு வாங்கும். அப்போதுதான் ஆரம்பிக்கிறது வில்லங்கம்.

ஊட்டி மலை செய்யும் வேலை

நம்ம பக்கத்துக் கார்களுக்கு ஒரு சோதனை உண்டு. மேட்டுப்பாளையம் தாண்டினால் கல்லாறு. அங்கிருந்து ஒரே ஏற்றம், வரிசையாகக் கொண்டை ஊசி வளைவு.

ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. வீட்டோடு ஏறி உட்கார்ந்து, ஏ.சி.யையும் போட்டு மலை ஏறினால் என்ன ஆகும்? சூடு காட்டும் முள் மேலே போகும். ஹெட் கேஸ்கட் போகும். அலுமினிய ஹெட் வளையும். ஆயிலில் தண்ணீர் கலக்கும். அதோடு ஓட்டினால் பேரிங் தேயும். கடைசியில் பிஸ்டன் இறுகி என்ஜின் 'சீஸ்' ஆகிவிடும்.

பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தால் சுலபமாக ஒரு யோசனை வரும். "இதுக்குப் போயி செலவு பண்ணாதீங்க. பேசாம ஒரு பழைய என்ஜினை எடுத்து மாட்டிப்போடலாமுங்க!"

கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளையோ, சென்னை புதுப்பேட்டையையோ நோக்கி நம்ம ஆள் பணத்தோடு கிளம்பிவிடுவார். கையில் பணம் இருக்கும். ஆர்.சி. இருக்காது!

ஒரே சி.சி.; மூணு ரகம்

"எந்த என்ஜினுங்க வேணும்?" என்று கடைக்காரர் கேட்பார். "800 என்ஜின்" என்பார் இவர். அங்கேதான் தப்பு.

மாருதியின் 796 சி.சி. என்ஜின் எல்லாமே 3 சிலிண்டர்தான். ஆனால் ரகம் மூன்று.

ஒன்று: கார்பரேட்டர் வைத்த பழைய 'எப்8பி'. சிலிண்டருக்கு 2 வீதம் 6 வால்வு. பழைய மாருதி 800, பழைய ஆம்னி இரண்டிலும் இதுதான்.

இரண்டு: அதே 6 வால்வு. ஆனால் கார்பரேட்டருக்குப் பதில் எம்.பி.எப்.ஐ. பிந்தைய ஆம்னியிலும், 4 கியர் மாருதி 800-லும் வந்தது.

மூன்று: 'எப்8டி'. எம்.பி.எப்.ஐ.தான், ஆனால் 12 வால்வு. 2000-ல் வந்த ஆல்ட்டோவிலும், 5 கியர் மாருதி 800-லும் இருப்பது இது.

வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். உள்ளே ஒயரிங் வேறு, சென்சார் வேறு, கம்ப்யூட்டர் பெட்டி வேறு. ஆல்ட்டோவுக்கு ஆம்னி என்ஜினை வாங்கி வந்தால் பட்டறையில் வாரக்கணக்கில் வண்டி நிற்கும். கூலியோ மேலே மேலே ஏறும்.

பேரைப் பார்த்து ஏமாறாதீங்க!

மற்ற மாடல்களிலும் இதே கதைதான். பழைய வேகன்-ஆர் 1061 சி.சி., 4 சிலிண்டர். 2010-ல் அதே பேரில் வந்த புது வேகன்-ஆர் 998 சி.சி., 3 சிலிண்டர். அது 'கே10பி' ரகம்.

ஆல்ட்டோ என்றால் 796 சி.சி.; ஆல்ட்டோ கே10 என்றால் 998 சி.சி. பழைய ஜென் 993 சி.சி., 4 சிலிண்டர். 2005-ல் வந்த ஸ்விப்ட் பெட்ரோல் கார் 1298 சி.சி.; 2010-ல் அதுவே 1197 சி.சி. ஆனது. 2007-ல் வந்த டீசல் ஸ்விப்டில் இருப்பது பியட் கம்பெனி வடிவமைத்த 1248 சி.சி. என்ஜின். 2020-ல் மாருதி டீசல் காரையே நிறுத்திவிட்டது.

இன்னொரு சங்கதி. 796 சி.சி. என்ஜினில் டைமிங் பெல்ட். கே10பி-யில் டைமிங் செயின். பெல்ட் வைத்த பழைய என்ஜின் வாங்கினால், காரில் ஏற்றும் முன்பே புது பெல்ட் போட்டுவிடுங்கள். பழைய பெல்ட்டை நம்பி ஓட்டினால் நடுரோட்டில் நிற்க வேண்டி வரும்.

ஜாதகம் ஆர்.சி.யிலேயே இருக்குது

இத்தனையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் ஆர்.சி.யில் என்ஜின் நம்பரைப் பாருங்கள். மாருதி கார் என்றால், நம்பரின் முன்னால் இருக்கும் இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும்தான் ரகத்தின் பேரு: எப்8பி, எப்8டி, கே10பி என்று. கடையில் கிடக்கும் என்ஜினின் பிளாக்கிலும் அதே போலப் பொறித்திருக்கும். இரண்டும் ஒத்துப் போனால் மேற்கொண்டு பேசலாம். கார்பரேட்டரா, எம்.பி.எப்.ஐ.யா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் என்ன பார்க்கணும்?

* ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். அடியில் வெள்ளையாகத் தயிர் போலப் படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்த என்ஜின். தொடாதீர்கள்.

* ஸ்பானர் போட்டு கிராங்க்கைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். சிக்காமல், இறுகாமல் முழுச் சுற்று வர வேண்டும்.

* கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லா சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் இறங்கினால் ரிங் அல்லது வால்வில் கோளாறு.

* பிளாக்கில் வெல்டிங் வைத்த தழும்பு, விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

* நம்பர் பொறித்த இடத்தைத் தடவிப் பாருங்கள். ராவிய தடம் இருந்தாலோ, எழுத்து கோணல்மாணலாக இருந்தாலோ, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்!

திருட்டு என்ஜின் என்றால்?

திருடின காரை முழுசாக விற்பது கஷ்டம். பிரித்து விற்பது சுலபம். அந்த என்ஜின் உங்கள் காருக்கு வந்துவிட்டால்?

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகப்பட இடம் இருந்தும் வாங்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. "பில் இல்லாம மலிவாக் குடுத்தாங்க, வாங்கினேனுங்க" என்ற பதில் போலீசாரிடம் எடுபடாது.

ஆகையால் பில் கேளுங்கள். பில்லில் என்ஜின் நம்பரை எழுதச் சொல்லுங்கள். எந்தக் காரிலிருந்து இறக்கியது என்று கேட்டு, அதன் ஆர்.சி. நகலும் வாங்குங்கள். திருட்டு வண்டிப் பட்டியலில் அந்த நம்பர் இருக்கிறதா என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் பார்க்க வசதி இருக்கிறது.

மாட்டினால் முடிந்ததா? இல்லை!

என்ஜின் மாறினால் ஆர்.சி.யிலும் நம்பர் மாற வேண்டும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவில் இது வருகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்குவது நல்லது. அனுமதி இல்லாமல் என்ஜினை மாற்றியவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். கடனில் உள்ள கார் என்றால் கடன் கொடுத்த கம்பெனியின் சம்மதமும் வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுங்கள். நம்பர் ஒத்துப்போகாவிட்டால் விபத்து நேரத்தில் கேள்வி வரும்.

சட்டத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைத்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும்.

"யாருங்க பார்க்கப் போறாங்க?" என்று கேட்பவர் உண்டு. பார்ப்பார்கள்! சொந்த உபயோகக் காருக்கு 15 வருடம் முடிந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அப்புறம் 5 வருடத்துக்கு ஒரு முறை. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் காரை நிறுத்தும் அன்று சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் பேசும். காரை விற்கப் போனாலும் அதே கதிதான்.

பட்டறை இருக்கும்போது பயம் ஏன்?

இத்தனை வில்லங்கமும் இல்லாமல் ஒரு வழி இருக்கிறது. இருக்கிற என்ஜினையே பிழைக்க வைப்பது!

நம்பர் இருப்பது பிளாக்கில். பிளாக் நன்றாக இருந்தால் நம்பரும் மாறாது, ஆர்.டி.ஓ. வேலையும் இல்லை. 796 சி.சி. என்ஜினின் பிளாக் வார்ப்பு இரும்பு. சிலிண்டர் தேய்ந்திருந்தால் போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். கிராங்க்கை கிரைண்டிங் செய்து புது பேரிங் மாட்டலாம். லேசாக வளைந்த ஹெட்டை பேசிங் செய்யலாம்.

1962-ல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நூற்பு எந்திரம் செய்து பேர் வாங்கிய ஊர் இது. கோவை வட்டாரத்தில் லேத்துக்கும் போரிங் பட்டறைக்கும் பஞ்சமா? பழைய என்ஜின் விலை, ஏற்றி இறக்கும் கூலி, பெல்ட், கேஸ்கட், ஆர்.டி.ஓ. செலவு எல்லாவற்றையும் ஒரு பக்கம் எழுதுங்கள். சொந்த என்ஜினைச் சரி செய்யும் செலவை மறுபக்கம் எழுதுங்கள். இரண்டையும் பார்த்துப்போட்டு முடிவு எடுங்கள்.

பிளாக் வெடித்திருந்தால், கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைக் குத்தி வெளியே வந்திருந்தால், வேறு வழியில்லை, பழைய என்ஜின்தான். அப்போதும் ஆர்.சி.யோடு போங்க, பில்லோடு வாங்க.

மலிவாகக் கிடைத்த என்ஜின் வீட்டுக்கு வரலாம். அதன் பின்னாலேயே போலீஸ் ஜீப் வரக்கூடாது!