ஆச்சி அடுப்பும் பெருங்காய டப்பாவும்

என் மகளுக்குச் சீலியாக் நோய் என்று முடிவானதும் சொந்தக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "அப்போ பிள்ளை என்னத்தைத்தான் திங்கும்?" தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள் இப்படிக் கேட்டதுதான் வேடிக்கை. நாசரேத்தில் எங்கள் ஆச்சி வீட்டில் கோதுமையைக் கண்டதெல்லாம் கிறிஸ்துமஸ் கேக்கிலும், சர்க்கரை வியாதிக்காகத் தாத்தா ராத்திரியில் சாப்பிட்ட சப்பாத்தியிலும்தான். மற்றபடி அரிசி, உளுந்து, சிறுபயறு, கேழ்வரகு, தேங்காய், கருப்பட்டி. இவை எதிலும் குளூட்டன் கிடையாது.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம்தான் குளூட்டன். பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது கிழியாமல் விரிகிறதே, அந்த இழுவை இதனால் வருவது. பெரும்பாலோருக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. சீலியாக் உள்ளவர்களுக்கு மட்டும், இது உள்ளே போனதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. என் மகளுக்கு வயிறு உப்பலாகவும் கை கால் குச்சியாகவும் இருந்தன. வாய்ப்புண் ஆறவே ஆறாது. இரத்தசோகை என்று டானிக்கை மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்தார்களே தவிர, பிஸ்கட்டும் பிரெட்டும் எவ்வளவு சாப்பிடுகிறாள் என்று வெகுகாலம் யாரும் கேட்கவில்லை.

கேட்காததற்கும் காரணம் உண்டு. நம் பக்கம் இது அபூர்வம். 2016இல் வெளியான ஓர் ஆய்வின்படி வட இந்தியாவில் ஆயிரம் பேரில் எட்டொன்பது பேருக்கும், தென்னிந்தியாவில் சுமார் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் இந்நோய் இருந்தது. இதற்கு ஏதுவான மரபணு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருந்தது. கோதுமை சாப்பிடும் அளவில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்: அங்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம், இங்கே 25 கிராம்.

கோதுமைதான் குற்றவாளி என்று நிறுவியவர் வில்லம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45 குளிர்காலத்தில், ஹாலந்தே பட்டினி கிடந்தது. ரொட்டி கிடைக்காத அந்த நாட்களில் இந்த நோயுள்ள பிள்ளைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். அவருக்கு முன்பே இருந்த சந்தேகம் இதில் வலுத்தது. 1950இல் ஆய்வேடாகவே எழுதிவிட்டார். இன்றுவரை மருந்து என்று ஒன்று இல்லை. ஆயுள் முழுக்கப் பத்தியம்தான்.

குளூட்டன் இல்லாத மாவு ஒட்டாது, உப்பாது, உதிர்ந்துவிடும் என்பார்கள். ஆச்சிக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. "ஏட்டி, தண்ணி தளதளன்னு கொதிச்ச பொறவு ஊத்து" என்பாள். இடியாப்பத்துக்கும் கொழுக்கட்டைக்கும் பச்சரிசி மாவில் கொதிநீர் ஊற்றும்போது மாவுச்சத்து பாதி வெந்து பசையாகிறது. உருட்டினாலும் பிழிந்தாலும் நிற்கிறது. மலபார்க்காரர்கள் பத்திரி தட்டுவதும் இதே சூட்சுமத்தில்தான். சப்பாத்திக்கு ஏங்கும் நாட்களில் என் மகளுக்கு அதைத்தான் தேய்த்துச் சுடுகிறேன். ஆறவிட்டால் விறைத்துவிடும், கல்லிலிருந்து நேரே தட்டுக்குப் போக வேண்டும்.

உப்ப வைப்பதற்கு உளுந்து. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்கிற கணக்கு சும்மா வந்ததில்லை. உளுந்தின் கொழகொழப்பும் அதன் புரதமும் சேர்ந்துதான், மாவு புளிக்கும்போது உண்டாகும் வாயுவைப் பிடித்து வைக்கின்றன. ரொட்டியில் குளூட்டன் பார்க்கும் வேலையை இட்லியில் உளுந்து பார்க்கிறது.

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் பலகாரத்தில் முதலிடம் முந்திரிக்கொத்துக்கு. (முந்திரி ஒன்றுகூட இருக்காது.) சிறுபயறை வாசம் வரும்வரை வறுத்து, தோல் போகப் புடைத்து, கொஞ்சம் கரகரப்பாகத் திரிக்க வேண்டும். தேங்காய்த் துருவலையும் எள்ளையும் தனித்தனியே வறுத்து, ஏலக்காய், சுக்கோடு சேர்த்து, கருப்பட்டிப் பாகை ஊற்றிச் சூடு பொறுக்கும்போதே உருண்டை பிடிக்க வேண்டும். ஒரு இரவு கிடந்தால் உருண்டை இறுகும். மறுநாள் பச்சரிசி மாவில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் உப்பும் போட்டுக் கரைத்து, மூன்று மூன்றாக முக்கித் தேங்காயெண்ணெயில் பொரிப்பாள் ஆச்சி. கடைகளில் மேல்மாவு நன்றாகப் பிடிக்கட்டும் என்று மைதா கலக்கிறார்கள். அதனால் கடை முந்திரிக்கொத்து எங்களுக்கு ஆகாது. ஆச்சியுடையது மொறுமொறுப்பிலும் ஒரு படி மேல்; இதை நான் பேத்தி என்பதால் சொல்லவில்லை.

ஆனால் ஆச்சியின் பக்குவத்தை மட்டும் வைத்து இன்று பிழைக்க முடியாது. கோதுமை ஒளிந்து வருகிறது. சாம்பார், ரசம், முறுக்கு எல்லாவற்றிலும் விழும் பெருங்காயத்தைப் பாருங்கள். கடையில் விற்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம்; மைதாவோ கோதுமை மாவோ சேர்ந்தது அதிகம். அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கலக்கிக் கொடுக்கும் மால்ட் பானங்களில் பார்லி இருக்கிறது. சோயா சாஸில் கோதுமை. ஓட்டலில் ரவா தோசை வார்த்த கல்லிலேயே சாதா தோசையும் வார்ப்பார்கள்.

இவை எல்லாவற்றையும்விட மாவு மில்தான் எனக்குப் பெரிய தலைவலி. முன்னால் நின்றவர் கோதுமை திரித்திருந்தால், அடுத்து விழும் நம் அரிசி மாவில் அதுவும் கலந்துதான் வரும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிடவே கூடாது. மில் எந்திரத்தில் ஒட்டிக் கிடக்கும் தூசிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியுமா? அதனால் பச்சரிசியை ஊறவைத்து, துணியில் பரப்பி, பிடித்தால் ஒட்டி உதிர்த்தால் உதிரும் பதத்தில் மிக்ஸியில் அரைத்து, சலித்து, வறுத்து வைக்கிறேன். சல்லடையும் தனி. கோதுமை மாவு சலித்த சல்லடை என் மகளின் மாவைத் தொடக்கூடாது.

குளூட்டன் இல்லை என்று விற்கும் பிரெட், பிஸ்கட்டைப் பற்றி என் அபிப்பிராயம்: விலை கொள்ளை, பலவற்றில் வெறும் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். அந்தக் காசுக்குக் கேழ்வரகும் கம்பும் வாங்கலாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. குடல் கெட்டு எலும்பு பலவீனப்பட்ட பிள்ளைக்கு வேண்டியது அதுதான். பிறந்தநாளுக்குக் கேக் இல்லையே என்ற குறையைக் காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து வட்டலப்பம் தீர்த்தது. முட்டை, தேங்காய்ப்பால், இனிப்பு. ஆவியில் வேகும், மாவு என்பதே கிடையாது.

மாற்றே இல்லாத பண்டமும் உண்டு. திருநெல்வேலி அல்வா. சம்பா கோதுமைப் பால் இல்லாமல் அது இல்லை. சோள மாவில் கிண்டிப் பார்த்தேன். "நல்லாத்தான் இருக்கும்மா, ஆனா இது அல்வா இல்ல" என்றாள் மகள். நியாயமான தீர்ப்பு.

உங்கள் வீட்டில் யாருக்காவது சந்தேகம் இருந்தால், நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டு இரத்தப் பரிசோதனைக்கோ எண்டோஸ்கோபிக்கோ போனால் நோய் இருந்தும் தெரியாமல் போகலாம். முதலில் மருத்துவர், பிறகு பத்தியம். இன்னொன்று, விசேஷ வீட்டுக்காரர்களுக்கு: எங்களுக்கென்று தனியாக எதுவும் சமைக்க வேண்டாம். "ஒரு வாய்தானே, ஒன்றும் செய்யாது" என்று மட்டும் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். சாம்பாரில் என்ன பெருங்காயம் என்று கேட்டால், கோபித்துக்கொள்ளாமல் டப்பாவை எடுத்துக் காட்டுங்கள்.