கொல்லையில் வளரட்டும் புங்கா கந்தான்

பசாரில் மீன் வாங்கிய கையோடு, பக்கத்துக் கடையில் கெசும் இலையும் ஒரு புங்கா கந்தான் மொட்டும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும் தாய்மார்கள் பலர். அசாம் லக்சாவுக்கும் அசாம் பெடாசுக்கும் அந்த இளஞ்சிவப்பு மொட்டு இல்லாவிட்டால் மணம் ஏது? காசு கொடுத்து வாங்கும் இந்த மொட்டு, இந்த நாட்டின் காட்டோரங்களில் யாரும் நடாமலே வளரும் பூ என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

லயத்து வீட்டைச் சுற்றி நம் பெரியவர்கள் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்தார்கள். தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோன குடும்பங்களோடு கறிவேப்பிலைக் கன்றும் கூடவே போனது. ஆனால், இந்த மண்ணுக்கே சொந்தமான கந்தானுக்கு நம் வேலிக்குள் அவ்வளவாக இடம் கிடைக்கவில்லை. அதைப் பார்க்க வேண்டுமானால் பக்கத்துக் கம்பத்துக்குத்தான் போக வேண்டும்.

இது இஞ்சி, மஞ்சள், ஏலக்காய்க் குடும்பத்துச் செடி. மலாயாத் தீபகற்பம், சுமாத்ரா, ஜாவா ஆகியவை இதன் பிறந்த வீடு. வில்லியம் ஜேக் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1822-ல் இதற்குத் தாவர நூல் முறைப்படி பெயரிட்டு எழுதினார். இன்றைய பெயரான 'எட்லிங்கெரா எலேத்தியர்' 1986-ல் வந்தது. 'எலேத்தியர்' என்றால் லத்தீனில் 'அதிக உயரமானது' என்று பொருள். பொருத்தமான பெயர்தான், இலைத் தண்டு 15 அடிக்கும் மேலே போகும். வேடிக்கை என்னவென்றால், பூ அந்த உச்சியில் பூப்பதில்லை. தரைக்கடியில் இருக்கும் கிழங்கிலிருந்து, இலையே இல்லாத தனிக் காம்பாக மூன்று நான்கு அடி எழும்பி நிற்கும். தீவட்டி பிடித்தாற்போல் இருப்பதால்தான் ஆங்கிலத்தில் இதை 'டார்ச் ஜிஞ்சர்' என்கிறார்கள்.

செம்பனைக் காட்டோரமாக நிற்கும் கந்தானில் மொட்டை ஒடித்து வந்து சமைப்பவர்களும் உண்டு. அது வேண்டாம். மருந்தடிக்கும் வேலை பார்த்த நம் பெண்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பம்பிலிருந்து கிளம்பும் தூவல் காற்றில் எவ்வளவு தூரம் போகும் என்பது அவர்களுக்கே தெரியும். பாராகுவாட் மருந்துக்கு மலேசிய அரசு 2002-ல் தடை அறிவித்தது, 2006-ல் தளர்த்தியது, 2020 ஜனவரி முதல் மீண்டும் தடை செய்தது. ஆனால், களைக்கொல்லி அது ஒன்றுதானா? கிளைபோசேட் போன்றவை இன்றும் தெளிக்கப்படுகின்றன. மருந்து பட்ட மொட்டா, படாத மொட்டா என்று பார்வைக்குத் தெரியாது. பிள்ளைகளின் தட்டில் விழும் பூ நம் கண்ணெதிரே வளர்ந்ததாக இருப்பதே நல்லது.

கந்தான் வைத்திருக்கும் வீட்டில் கேட்டால் ஒரு கிழங்குத் துண்டு கொடுப்பார்கள். முளைக் கண்ணும் ஒரு தண்டும் உள்ள துண்டாகப் பார்த்து வாங்குங்கள். தண்டை இரண்டடி விட்டு மேலே வெட்டிவிடலாம். பூக்காத செடியை லெங்குவாஸ் என்று நினைத்து ஏமாறுவதும் உண்டு. லெங்குவாஸ் ஆள் உயரத்தோடு நின்றுவிடும், அதன் பூவும் தண்டின் நுனியில்தான் வரும்.

மக்கிய சாணமும் இலைக் குப்பையும் கலந்த மண்ணில், நாலு அங்குல ஆழத்தில் கிழங்கை ஊன்றுங்கள். சுவரிலிருந்து ஆறடியாவது தள்ளி வையுங்கள். இது புதர் கட்டிப் பரவும் செடி. காலை வெயிலும் மதிய நிழலும் விழும் இடம் மிக நல்லது. காற்று அதிகம் அடித்தால் இலை கிழிந்து கந்தலாகும். ஈரம் காயக்கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. அரிசி களைந்த தண்ணீரைத் தினமும் அதன் அடியில் ஊற்றி வந்தாலே செடி தெளிவாக இருக்கும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பெரிய தொட்டியில் வைத்து இலையழகைப் பார்க்கலாம். பூவை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஓராண்டு, சில சமயம் அதற்கு மேலும், பொறுத்திருக்க வேண்டும். விதை போட்டால் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். காய்ந்த தண்டுகளை அடியோடு வெட்டிப் புதரைச் சுத்தமாக வைத்திருங்கள். காலி டின்னையும் தேங்காய்ச் சிரட்டையையும் அதற்குள் எறிந்தால் ஏடிஸ் கொசுவை நாமே வளர்த்ததாகும். பாம்பு ஒதுங்கவும் இடம் கொடுக்கக்கூடாது.

மொட்டு விரியும் முன்பே, இதழ்கள் இறுகக் கூம்பியிருக்கும்போது வெட்டுங்கள். விரிந்துவிட்டால் நார் ஏறிவிடும். எறும்பு இருக்கும், உதறிக் கழுவிப் பொடியாக அரிந்து மீன் புளிக்குழம்பு கொதிக்கும்போது போட்டுப் பாருங்கள்; சம்பாலில் பச்சையாகவும் கலக்கலாம். பூக்கத் தொடங்கிவிட்டால் எல்லா மொட்டையும் வெட்டிவிடாமல் ஒன்றிரண்டை விட்டுவையுங்கள். அவை தாமரைபோல் விரியும்; தேன்சிட்டுகள் வரும்போது பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.