யார் கூற்று? ‘தாண்டவ்’ முதலாம் அங்கத்தை முன்வைத்து

இந்திய அரசியலைக் கதைக்களமாகக் கொண்ட ‘தாண்டவ்’ என்ற ஹிந்தித் தொடர் நாடகம் 2021 ஜனவரி 15ஆம் திகதி அமேசன் பிரைம் வீடியோவில் வெளியானது. மொத்தம் ஒன்பது அங்கங்கள். இயக்கியவர் அலி அப்பாஸ் ஸபர், எழுதியவர் கௌரவ் சோலங்கி. மூன்றாவது தடவையும் பிரதமராகவிருக்கும் தகப்பனைப் பதவிக்காக மகனே நஞ்சூட்டிக் கொல்கிறான். அங்கிருந்துதான் கதை விரிகிறது. உள்ளதைச் சொன்னால், நாடகமாக அது ஒன்றும் பெரிய விசேஷமில்லை. ஆனால் அதன் முதலாம் அங்கத்தில் வரும் சிறு காட்சி ஒன்றுக்கு நேர்ந்த கதி, தமிழ் இலக்கியம் படித்தவர்கள் நின்று பார்க்க வேண்டிய விடயம்.

காட்சி இதுதான். பல்கலைக்கழகமொன்றில் மாணவர் நாடகம் நடக்கிறது. ஒரு மாணவன் நவீன உடையில் சிவன் வேடமிட்டு மேடைக்கு வருகிறான். ராமருக்குச் சமூக வலைத்தளத்தில் ஆட்கள் கூடிக்கொண்டு போகிறார்கள், நீங்களும் ஏதாவது செய்யுங்கள் என்று அவனிடம் சொல்லப்படுகிறது. பேச்சு பின்னர் மாணவர் கேட்கும் ‘ஆஸாதி’, அதாவது விடுதலை, பக்கம் திரும்புகிறது. அந்த மாணவனாக நடித்தவர் முஹம்மத் ஸீஷான் அய்யூப்.

இதில் எத்தனை அடுக்கு இருக்கிறதென்று எண்ணிப் பாருங்கள். எழுத்தாளர் ஒருவர், அவர் படைத்த மாணவப் பாத்திரம், அந்த மாணவன் மேடையில் போடும் வேடம், இவ்வளவையும் தாங்கி நிற்கும் நடிகர். முறைப்பாடு செய்தவர்களோ இந்த அடுக்குகளையெல்லாம் ஒரே ஆளாக மடித்துவிட்டார்கள். உத்தரப் பிரதேசம் முதலிய மாநிலங்களில் வழக்குகள் பதிவாயின. படக்குழு மன்னிப்புக் கேட்டது, காட்சி வெட்டப்பட்டது. பிரதமர் பாத்திரம் தலித் தலைவர் ஒருவரை இழிவாகப் பேசும் இன்னொரு காட்சியும் சேர்ந்தே போனது. இது எனக்கு இன்னும் விசித்திரமாகப் பட்டது. அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று காட்டத்தானே அந்தப் பேச்சு அவர் வாயில் வைக்கப்பட்டது?

தனக்குத் தரப்பட்ட வசனத்தையே பேசினேன் என்ற நியாயம் நடிகர் தரப்பில் முன்வைக்கப்பட்டது. சமூகமொன்றின் மனத்தைப் புண்படுத்தும் பாத்திரத்தை ஏற்று நடிக்க முடியாது என்ற கருத்தில் நீதிபதி ஒருவர் பதில் சொன்னார். ஜனவரி 27இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களுக்குக் கைதிலிருந்து இடைக்காலப் பாதுகாப்பு வழங்க மறுத்தது. அமேசன் அதிகாரி அபர்ணா புரோஹித்துக்கு மார்ச் 5இல்தான் அந்தப் பாதுகாப்புக் கிடைத்தது. இந்தச் செய்தியைப் பற்றிக் கதைத்தபோது ஏ.எல். வகுப்புப் பிள்ளையொருவர் கேட்டார்: “எழுதிக் குடுத்தத சொன்னதுக்கு ஏன் சேர் கேஸ்?”

கெலிஓயாவில் இருந்துகொண்டு இந்தியச் சட்டத்துக்கு நான் விளக்கம் சொல்ல முடியாது. தொல்காப்பியத்திலிருந்து சொல்ல முடியும். செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை அடுக்கிச் செல்லும்போது கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பவற்றையும் தனித்தனி உறுப்புகளாக எண்ணுகிறது. கூற்று என்றால் யார் பேசுகிறார் என்பது. முன்னம் என்று வேறோர் உறுப்பும் உண்டு. இன்ன இடத்தில், இன்ன பேச்சு, இன்னார் இன்னாருக்குச் சொன்னது என்று கேட்பவர் உணர்ந்துகொள்ளும்படி அமைவது அது. தலைவி ஊரைப் பழித்தால் கபிலர் பழித்தார் என்று நாம் எழுதுவதில்லை; அப்படி எழுதும் பிள்ளைக்குப் புள்ளி கிடையாது.

இங்கே நம்மவர்கள் யோசிக்க வேண்டிய இடமொன்று இருக்கிறது. இந்த வழக்குகளில் கையாளப்பட்ட பிரிவுகளில் ஒன்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ. அது எங்கிருந்து வந்தது? 1924இல் லாஹூரில் நபி (ஸல்) அவர்களை இழிவுபடுத்தி ‘ரங்கீலா ரஸூல்’ என்றொரு பிரசுரம் வெளியானது. வெளியிட்டவரை 1927இல் லாஹூர் உயர் நீதிமன்றம் விடுவிக்க, முஸ்லிம்கள் கொந்தளித்தார்கள். அதே வருடம் 295ஏ சேர்க்கப்பட்டது. நம் மனம் புண்பட்டதற்காகப் பிறந்த பிரிவு, தொண்ணூற்று நான்கு வருடம் கழித்து ஒரு முஸ்லிம் இயக்குநரின் நாடகத்தின் மீது பாய்ந்தது. நம்நாட்டுத் தண்டனைக் கோவையிலும் 291பி என்று ஏறக்குறைய இதே வாசகத்தோடு ஒரு பிரிவு இருக்கிறது.

இரண்டும் ஒன்றா என்றால், இல்லை. அந்தப் பிரசுரத்தில் பாத்திரத்தின் பின்னால் நின்ற குரல் ஏதும் கிடையாது, நேரே வசைதான். ‘பாத்திரம்தானே பேசியது’ என்பது எல்லாவற்றுக்கும் போர்த்தும் போர்வையும் அல்ல. அதனால்தான் கூற்றோடு பயனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறது இலக்கணம். சட்டமும் வேண்டுமென்றே, தீய எண்ணத்தோடு செய்ததா என்றுதான் கேட்கிறது. காகிதத்தில் இருக்கும் அந்தக் கேள்வியைப் பொலிஸ் நிலையத்தில் யாரும் கேட்பதில்லை.

நம்மிடமும் கேட்கப்படவில்லை. 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, விகாரை வாழ்க்கையைத் தொட்ட ஒரு சிறுகதைக்காகக் கைதானார். நாலு மாதத்துக்கு மேல் விளக்கமறியல். அடுத்த வருடம் நம்மட ஆளொருவர்: மன்னாரைச் சேர்ந்த ஆசிரியர், கவிஞர் அஹ்னாப் ஜஸீம். 2017இல் வந்த அவரது ‘நவரசம்’ தொகுப்பு தீவிரவாதம் போதிக்கிறது என்றார்கள். தமிழ்க் கவிதைகளைத் தமிழ் தெரியாதவர்கள் துண்டு துண்டாக மொழிபெயர்த்து வாசித்த வாசிப்பு அது. வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அதே நூலில்தான் இருந்தன. 2020 மே 16இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிபட்டவருக்கு 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பர் 12ஆம் திகதி புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஒரு கவிதைப் புத்தகத்தை வாசித்து முடிக்க ஏறக்குறைய மூன்று வருடமும் ஏழு மாதமும் எடுத்திருக்கிறது.