கரை சேர்ந்த பிறகு ஒரு மணி நேரம்

வானொலியில் இரண்டு விநாடி அமைதி விழுந்தாலே எனக்கு வியர்த்துவிடும். போர்ட்டிக்சன் கடலில் எங்கள் படகின் இயந்திரம் நின்றபோது விழுந்த அமைதி அரை மணி நேரம் நீடித்தது.

தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரியும் தூரம்தான். படகில் நான், மச்சான், அவருடைய ஒன்பது வயது மகன். திடீரென்று எச்சரிக்கை மணி அலறியது. மச்சான் உடனே இயந்திரத்தை அணைத்து, நங்கூரத்தைப் போட்டார். தூரத்தில் மலாக்கா நீரிணையில் பெரிய கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. "நங்கூரம் பிடிச்சுக்கும்தானே மாமா?" என்று பையன் கேட்டான். பிடிச்சுக்கும் என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை.

அவ்வழியே வந்த மலாய் மீனவர் ஒருவர் கயிறு கட்டி எங்களைக் கரைக்கு இழுத்து வந்தார். காசு கொடுத்தோம், வாங்கவில்லை.

சிரம்பானில் மெக்கானிக் இயந்திரத்தைப் பிரித்தார். கடல்நீரை உறிஞ்சி இயந்திரத்தைக் குளிர்விக்கும் பம்ப்புக்குள் 'இம்பெல்லர்' என்ற சிறிய ரப்பர்ச் சக்கரம் இருக்கிறது. அதன் இதழ்கள் பிய்ந்திருந்தன. தண்ணீர் ஓடும் வழியெல்லாம் உப்பு. "இதைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?" என்று கேட்டார். நானும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு நல்ல தூண்டில் கழியின் விலைகூட இல்லாத சாமான் அது. பழைய படகாக வாங்கி இரண்டு வருடமாக வெளியே மட்டும் துடைத்துப் பளபளப்பாக்கி, முகநூலில் படம் போட்டுக்கொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு சட்டம்: படகு வீடு திரும்பிய பிறகு ஒரு மணி நேரம் அதற்கு. குளியல், சாப்பாடு எல்லாம் அப்புறம்தான்.

முதலில் உப்பைக் கழுவுங்கள்

இயந்திரத்தின் கீழ்ப்பகுதியில் தண்ணீர் உறிஞ்சும் துளைகள் உள்ளன. காதில் மாட்டும் ஹெட்போன் போன்ற ஒரு கருவியை அங்கே பொருத்தி, குழாய்த் தண்ணீரைத் திறந்த பிறகுதான் இயந்திரத்தை இயக்க வேண்டும். தண்ணீரில்லாமல் ஓடினால் இம்பெல்லர் கருகிவிடும். கியர் போடாமல் பத்து நிமிடம் ஓடட்டும். காத்தாடிப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. பின்பக்கத் துளையிலிருந்து நீர் பீய்ச்சி அடிக்க வேண்டும். அது மெலிந்தால் அல்லது நின்றால், அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சில இயந்திரங்களில் குழாயை நேராகச் செருகிக் கழுவும் வசதி உண்டு. அதை இயக்கியபடி செய்வதா, அணைத்துவிட்டுச் செய்வதா என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

உடம்புக்கு மென்மையான கை

வாலின் அடியில் உள்ள அடைப்பைக் கழற்றி, தேங்கிய நீரை வடியவிட்டு, மேலிருந்து கீழாக நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். கார் ஷாம்பு, மென்மையான பிரஷ் போதும். கம்பி பிரஷ் கண்ணாடியிழைப் படகின் மேல்பூச்சைக் கீறிவிடும். நம் ஊர் வெயிலில் அந்தப் பூச்சு சுண்ணாம்பு போல வெளுக்கும். வருடத்துக்கு இரண்டு முறை மெழுகு பூசினால் தாங்கும்.

படகைத் தண்ணீரிலேயே கட்டி வைப்பவர்களுக்கு வேறு தொல்லை. மலாயில் 'தெரித்திப்' எனப்படும் ஓட்டுயிர் அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டு, வேகத்தைக் குறைத்து எண்ணெயைக் குடிக்கும். கரையேற்றியதும் ஈரம் காயும் முன்னே பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டினால் சுலபமாக வரும். அவற்றைத் தடுக்கத் தனிச் சாயம் இருக்கிறது.

கண்ணில் படாதவை

இயந்திரத்தில் திருகியிருக்கும் துத்தநாகக் கட்டி, மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காகவே வைக்கப்பட்டது. பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அதன்மேல் சாயம் அடிக்காதீர்கள். கியர் எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று பொருள். காத்தாடித் தண்டில் சுற்றிக்கொள்ளும் தூண்டில் நரம்பு, எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் ரப்பரை அறுத்துவிடும். அடிக்கடி கழற்றிப் பாருங்கள். உயிர்காப்பு அங்கிகளையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். இம்பெல்லரை நாங்கள் இப்போது வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறோம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இரண்டு மாதம் அக்கா மகனைக் கடல் பக்கமே விடவில்லை. இப்போது அனுப்புகிறார். வீட்டு வாசலில் இயந்திரத்தைக் கழுவும்போது பின்னால் எட்டி நின்று, "தண்ணி நல்லா வருது மாமா!" என்று கத்துவது அவன் வேலை. படகை இறக்கும் முன் அக்காவிடமிருந்து தவறாமல் அழைப்பு வரும். சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை. "அடைப்பைப் போட்டீங்களா?" என்றுதான் கேட்கிறார்.