பழைய வீட்டில் புதிய கொதிகலன்

வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில், நூறு ஆண்டுகளுக்கு முன் கட்டப்பெற்ற வீடுகள் பலவற்றை இன்றும் நீராவியே சூடாக்குகின்றது. நிலவறையிலுள்ள கொதிகலனில் நீர் கொதிக்கின்றது. நீராவி இரும்புக் குழாய்களின் வழியே மேலேறி, அறைகளிலுள்ள வார்ப்பிரும்பு ரேடியேட்டர்களை அடைகின்றது. அங்கு ஒவ்வொரு கிராம் நீராவியும் நீராக மாறும்பொழுது ஏறத்தாழ 540 கலோரி மறை வெப்பத்தை வெளிவிடுகின்றது. அந்நீர் தன் எடையினாலேயே கொதிகலனுக்குத் திரும்பி விடும்.

பழைய கொதிகலனை அகற்றிப் புதியதைப் பொருத்திய சில நாட்களிலேயே குறைகள் தோன்றுவதுண்டு. குழாய்களில் சம்மட்டியால் அடிப்பது போன்ற ஓசை எழும். மட்டங்காட்டும் கண்ணாடிக் குழாயில் நீர் மேலும் கீழும் துள்ளும். அடுப்பு அடிக்கடி அணையும். வெளியே உறைபனி, உள்ளே நடுங்கும் குடும்பம். புதிய கலனே பழுதுடையது எனக் கருதுவது இயல்பு. ஆயினும் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும்.

முதற் காரணம் எண்ணெய். குழாய்களுக்கு மரை வெட்டும்பொழுது இடும் எண்ணெயில் ஒரு பகுதி கொதிகலனை அடைந்து, நீரின் மேற்பரப்பில் மிதக்கும். அதனால் நீர் நுரைத்துப் பொங்கி, நீராவியுடன் குழாய்களில் ஏறி விடும். கலனில் மட்டம் தாழ்வதால் காப்புக் கருவி அடுப்பை அணைக்கும். தானாக நீரூட்டும் கருவி இருந்தால் அது புதுநீரைச் சேர்க்கும். பின்னர் மேலே சென்ற நீரும் திரும்பி வர, கலன் அளவுக்கு மேல் நிரம்பும். அடியிலுள்ள வடிகுழாயைத் திறப்பதால் மிதக்கும் எண்ணெய் நீங்காது. கலனின் பக்கத்தில் நீர்மட்டத்தை ஒட்டியுள்ள துளையின் வழியே, மேற்பரப்பு நீரை மெல்லிய தாரையாகப் பல மணி நேரம் வடித்தல் வேண்டும். இதனைப் பன்முறை செய்ய நேரிடலாம்.

இரண்டாவது, குழாயமைப்பு. பழைய கலன்கள் உருவிற் பெரியவை. நீராவியும் நீரும் பிரிவதற்கு அவற்றினுள் இடம் இருந்தது. புதியவை சிறியவை. எனவே அப்பிரிவு கலனுக்கு மேலுள்ள தலைக்குழாயில் நிகழ வேண்டும். அக்குழாயைச் சிறுத்தோ தாழ்த்தோ அமைத்தால் ஈர நீராவியே மேற்செல்லும். திரும்பும் நீரின் குழாயில் 1919-ஆம் ஆண்டு முதல் பரவிய ‘ஹார்ட்ஃபோர்டு வளையம்’ உள்ளதா எனவும் நோக்குக. திரும்பு குழாய் உடைந்தாலும் கலன் முற்றிலும் வறண்டு போகாமல் அது காக்கும்.

மூன்றாவது, அழுத்தம். வீட்டிற்குச் சதுர அங்குலத்துக்கு 2 ராத்தலுக்குக் குறைந்த அழுத்தமே போதும். ஒரு ராத்தல் அழுத்தம் நீரை ஏறத்தாழ 28 அங்குலம் உயர்த்த வல்லது. ஆகவே அழுத்தத்தைக் கூட்டினால் வீடு விரைவில் சூடேறாது. திரும்ப வேண்டிய நீர்தான் குழாய்களில் தேங்கும். குழாயிலுள்ள காற்று வெளியேறினாலன்றி நீராவி முன்செல்லாது. ஆதலின் அடைபட்ட காற்றுப்போக்கிகளை மாற்றுதலே தக்க வழியாகும்.

நான்காவது, அளவு. ரேடியேட்டர்களின் மொத்தப் பரப்பிற்கேற்பக் கொதிகலனைத் தேர்தல் வேண்டும். பழைய கலனின் அளவையே பின்பற்றினால், இடைக்காலத்தில் அகற்றப்பட்ட ரேடியேட்டர்களுக்கும் சேர்த்து நெருப்பு எரியும்.

ஓர் எச்சரிக்கை: வறண்டு சூடேறிய கலனில் ஒருபோதும் குளிர்நீரை ஊற்றலாகாது, வார்ப்பிரும்பு வெடித்துவிடும். அடுப்பை அணைத்துக் கலன் ஆறும் வரை காத்திருத்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் இத்தத்துவத்தை வகுப்பில் எளிதில் விளக்கலாம். இரு திறந்த கண்ணாடிக் கலங்களில் பாதியளவு நீரைக் கொதிக்க வைத்து, ஒன்றில் மட்டும் ஒரு துளி சோப்புக் கரைசலை இடுக. அதில் மட்டும் நுரை பொங்கி எழுவதை மாணவர் காண்பர். களப்பணியாளருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு: புதிய பொறியைக் குறை கூறுமுன், அது இணைக்கப்பட்ட பழைய அமைப்பு முழுவதையும் ஆராய்க.