மாநிறமும் கேமராவின் கணக்கும்

பள்ளிச் சேர்க்கை நேரம் வந்துவிட்டால் அம்பத்தூர் முதல் ஆவடி வரை சி.டி.எச். சாலையோர ஸ்டூடியோக்களில் பாஸ்போர்ட் சைஸ் படத்துக்குக் கூட்டம் சேரும். வெள்ளைத் திரைக்கு முன் எடுத்த படம் கைக்கு வந்ததும், "நேர்ல இவ்வளவு கறுப்பா இல்லையே!" என்று வீட்டார் முகம் சுளிப்பார்கள். உடனே கம்ப்யூட்டரில் முகத்தை வெளுப்பாக்கித் தருவார்கள். மூக்கும் கன்னமும் தட்டையாகி, பிள்ளையின் அடையாளமே மாறிப்போகும்.

கோளாறு பிள்ளையின் நிறத்தில் இல்லை. கேமராவுக்குள் இருக்கும் ஒளியளக்கும் மீட்டர், எதிரே எது இருந்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அது. பின்னால் எல்லாம் வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் கூடிவிட்டதென்று எக்ஸ்போஷரைக் குறைக்கும், முகம் இருண்டுவிடும். பூந்தமல்லி கல்யாண மண்டபத்தில் எல்.இ.டி. திரைக்கு முன் நிற்கும் மணமக்களுக்கும் இதே கதிதான். கறுத்த முகத்தை மட்டும் ஸ்பாட் மீட்டரில் அளந்தாலோ, அதையும் சாம்பலாக்கப் பார்த்து வெளிறச் செய்துவிடும்.

இதற்கு எளிய வழி உள்ளங்கை. உடலின் நிறம் எதுவானாலும் உள்ளங்கைகளின் நிறம் அதிகம் வேறுபடுவதில்லை. முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் கையை நீட்டி அளந்து, மீட்டர் காட்டுவதைவிட ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு ஒளி, கூட்டினால் முகம் உள்ளபடி பதியும்.

அடுத்தது ஒளியின் தன்மை. கறுத்த தோலில் கன்னத்தின் வளைவையும் நெற்றியின் மேட்டையும் எடுத்துக்காட்டுவது அதன் மினுமினுப்பு. நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்தால் அது வெள்ளைத் திட்டாகிவிடும். ஜன்னலோர வெளிச்சமோ, பக்கவாட்டில் பிடித்த தெர்மோகோலில் பட்டுத் திரும்பும் ஒளியோ அதை மென்மையாகப் பரப்பும். வண்ண ஷாமியானாவுக்குக் கீழே துணியின் சாயம் முகத்தில் ஏறும் என்பதால், அங்கே ஒயிட் பேலன்ஸைத் தனியே சரிசெய்ய வேண்டும்.

ஃபிலிம் காலத்தில் இந்தச் சிக்கல் வெறும் மீட்டரோடு நிற்கவில்லை. லேப்களில் நிறத்தை ஒப்பிட்டுச் சரிபார்க்க கோடக் நிறுவனம் 1950-களிலிருந்து கொடுத்துவந்த 'ஷெர்லி கார்டு'களில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். பல இனத்தவரின் முகங்கள் அந்த அட்டைகளில் இடம்பெற 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த ஃபிலிமிலும் மாநிறத்தை அழகாகப் பதித்தவர், மட்டக்களப்பில் பிறந்த ஒளிப்பதிவாளர் பாலு மகேந்திரா. ஷோபா, அர்ச்சனா போன்ற நடிகைகளின் முகங்களை இயற்கை வெளிச்சத்தை நம்பிப் படமாக்கினார். 'மூன்றாம் பிறை' படத்தின் ஒளிப்பதிவுக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. பிற்காலத்தில் சென்னையைச் சேர்ந்த பரத்வாஜ் சுந்தரும் ஒளிப்படக் கலைஞர் நரேஷ் நிலும் 'டார்க் இஸ் டிவைன்' என்ற வரிசையில் லட்சுமி, சரஸ்வதி, முருகன் உள்ளிட்ட தெய்வங்களைக் கறுத்த நிறத்து மனிதர்களைக் கொண்டே படமெடுத்தார்கள்.

வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்கள், "முகத்தை வெளுப்பாக்க வேண்டாம், வெளிச்சத்தைச் சரியாக வையுங்கள்" என்று படமெடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மொபைலில் எடுப்பவர்கள் முதலில் பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள்.