தலைகளை எண்ணுவது மட்டுமா?

கல்லூரியில் மக்கள்தொகையியல் வகுப்பை ஒவ்வோர் ஆண்டும் ஒரே கேள்வியுடன்தான் தொடங்குவேன்: 'இந்தப் பாடம் எதைப் பற்றியது?' மக்களைக் கணக்கெடுப்பது பற்றியது என்று சிலர் சொல்வார்கள். மக்கள் பெருக்கத்தின் தீமைகளைப் பற்றியது என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டும் முழு விடை அல்ல. ஓய்வுபெற்ற பிறகு பொதுவெளி விவாதங்களைக் கவனிக்கையில், படித்தவர்கள் பலரும் இவ்விரு விடைகளோடு நின்றுவிடுவதைக் காண்கிறேன்.

'மக்கள்', 'எழுதுதல்' எனப் பொருள்தரும் கிரேக்கச் சொற்களை இணைத்து, 1855-இல் இத்துறைக்குப் பெயர் சூட்டியவர் பிரெஞ்சு அறிஞர் அஷீல் கியார். துறையின் பிறப்போ இன்னும் முந்தையது. லண்டனில் வாரந்தோறும் வெளியான இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்து, ஜான் கிராண்ட் என்ற வணிகர் 1662-இல் ஒரு நூலை வெளியிட்டார். தனிமனிதரின் பிறப்பையும் இறப்பையும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆனால், பெருந்திரளாகப் பார்த்தால் அவற்றில் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை அந்நூல் காட்டியது.

ஒரு நாட்டின் மக்கள்தொகை மூன்று வழிகளில் மட்டுமே மாறும்: பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு. இவற்றை அளப்பது இத்துறையின் குறுகிய எல்லை. பெண்கல்வி, திருமண வயது, வேலைவாய்ப்பு, முதுமை ஆகியவற்றோடு இம்மாற்றங்களுக்குள்ள தொடர்பை ஆராய்வது அதன் விரிந்த எல்லை.

எண்களை மேலோட்டமாகப் படிப்பதில் உள்ள ஆபத்தை விளக்க, மாணவர்களிடம் ஒரு புதிரைச் சொல்வது வழக்கம். ஆயிரம் பேருக்கு இத்தனை இறப்பு என்று கணக்கிட்டால், பீகாரைவிடக் கேரளத்தில் விகிதம் அதிகம். அப்படியானால் கேரளத்தின் மருத்துவ வசதி குறைவானதா? இல்லை. அங்கு மக்கள் நீண்டகாலம் வாழ்கிறார்கள். எனவே முதியோர் மிகுதி. பீகாரிலோ இளையோர் மிகுதி. வயதுக் கட்டமைப்பைப் பாராமல் விகிதங்களை ஒப்பிட்டால் தலைகீழான முடிவுக்கே வருவோம்.

இன்னொரு புதிரும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை இந்தியாவில் 2.0, தமிழ்நாட்டில் 1.8. ஒரு தலைமுறை தன்னை அப்படியே ஈடுசெய்யத் தேவையானது 2.1. அதற்குக் கீழே வந்த பின்னும் நாட்டின் மக்கள்தொகை வளர்கிறது. முந்தைய தலைமுறையில் பிறந்த பெருந்திரளானோர் இன்று பெற்றோராகும் வயதில் இருப்பதே காரணம். எனவே, 'இன்னும் பெருகுகிறதே' என்று அஞ்சுவோரும், 'குறைந்துவிட்டதே, கூடுதலாகப் பெறுங்கள்' என்று அறிவுரை கூறுவோரும் இந்த உந்துவிசையைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இவை வகுப்பறைப் புதிர்கள் மட்டுமல்ல. மக்களவைத் தொகுதிகளை மாநிலங்களுக்குப் பங்கிடுவதை 1971 கணக்கெடுப்பின் அடிப்படையிலேயே 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது அரசமைப்புத் திருத்தம் நிறுத்திவைத்தது. 84-ஆவது திருத்தம் அந்த நிலையை, 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. குடும்பநலத்தில் முன்னேறிய மாநிலங்கள் அதனாலேயே பிரதிநிதித்துவத்தில் பின்தங்க நேரிடுமோ என்ற அச்சம் இங்கிருந்து எழுவதுதான்.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதற்கும் விலை உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயனாளிகள் எண்ணிக்கை 2011-இன் மக்கள்தொகையை வைத்தே வரையறுக்கப்பட்டது. அதன்பின் கூடிய மக்கள்தொகைக்கு ஏற்ப அந்த வரம்பு உயரவில்லை.

இப்போது 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொண்டு புதிய கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டுள்ளது. வாசலுக்கு வரும் கணக்கெடுப்பாளர் வயதையும், பிறந்த ஊரையும், இடம்பெயர்ந்த காரணத்தையும் கேட்கும்போது, 'இதெல்லாம் எதற்கு?' என்று சலித்துக்கொள்ளாமல் சரியான விடை சொல்வோம். எந்த ஊருக்குப் பள்ளி தேவை, எந்த ஊருக்கு முதியோர் மருத்துவமனை தேவை என்பதை அந்த விடைகளிலிருந்துதான் அரசு அறிந்துகொள்ள இயலும்.